ஒழுங்குமுறை அலுவலகத்தில் உள்ளகப் பயிற்சி: புகார்க் கடிதங்களை அட்டவணையிடுவதில் ஒரு பொறியியல் மாணவர் என்ன கற்க முடியும்?

கேள்வி: மூன்றாமாண்டு மாணவர்

அனைவருக்கும் வணக்கம். நான் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பொறியியலில் மூன்றாமாண்டு படிக்கிறேன். அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அலுவலகம் ஒன்றில் 8 வார உள்ளகப் பயிற்சிக்குத் தேர்வாகி, இப்போது மூன்றாவது வாரத்தில் இருக்கிறேன்.

விண்ணப்பத்தில் அலைக்கற்றைக் கண்காணிப்புப் பிரிவையே முதல் விருப்பமாக எழுதியிருந்தேன். கூரையில் ஆன்டெனா பொருத்திய வண்டியில் சென்று, அனுமதியின்றி இயங்கும் ஒலிபரப்பியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அங்கே தினசரி வேலை என்று நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்ததோ நுகர்வோர் பிரிவு. முதல் நாளே 640 புகார்கள் அடங்கிய ஒரு விரிதாளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் படித்து 9 தலைப்புகளில் ஒன்றின்கீழ் சேர்க்கச் சொன்னார்கள். பொறுப்பு அதிகாரி மரியாதையானவர்தான், ஆனால் ஓயாத வேலையில் இருப்பவர். “கடிதம் எப்படி வந்திருக்கிறதோ அப்படியே படி தம்பி, உன் முடிவை அதன்மேல் ஏற்றாதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். புகார்கள் முடிந்ததும், ஓர் ஆலோசனைத் தாளுக்கு (முடிவெடுக்கும் முன் கருத்துக் கேட்டு அலுவலகம் வெளியிடும் ஆவணம்) நிறுவனங்களும் பொதுமக்களும் அனுப்பிய கருத்துகளைக் கேள்வி வாரியாகச் சுருக்கி எழுத வேண்டுமாம்.

என் ஐயங்கள் இவை. பிரிவை மாற்றித் தரும்படி கேட்பது முறையா? மாற்ற மாட்டார்கள் என்றால், இந்த வேலையில் என் படிப்புக்கு உதவும் ஏதாவது இருக்கிறதா? மூன்றாவதாக, தரவுகளோடு கூடிய 40 பக்க அறிக்கையைக் கல்லூரி எதிர்பார்க்கிறது. அலுவலகமோ தகவல்களை வெளியிட மாட்டேன் என்ற உறுதிமொழியில் கையொப்பம் வாங்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் எதை எழுதுவது?


பதில் 1: கண்காணிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

வண்டியைப் பற்றிய உங்கள் கற்பனையை முதலில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த வண்டியில் பல ஆண்டுகள் சென்றவன். பாதி நாள் போக்குவரத்து நெரிசலில் போகும். மீதியில் பெரும்பகுதி, குறுக்கீடு எப்போது தலைகாட்டும் என்று காத்திருப்பதில் போகும். நாம் போய் இறங்கியதும் நின்றுவிடுகிற குறுக்கீடுகள்தான் அதிகம்.

உங்கள் 640 வரிகளை நீங்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்ல, நான் பார்த்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். ஒரு குடியிருப்புப் பகுதியிலிருந்து “டவர் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது” என்று தொடர்ந்து புகார் வந்துகொண்டிருந்தது. நிறுவனம் தன் கோபுரத்தைச் சோதித்துவிட்டுப் பழுது எதுவும் இல்லை என்று எழுதியது. புகாரை எழுதியவர்கள் தங்களை அறியாமலேயே விடையின் பாதியைச் சொல்லியிருந்தார்கள். கைப்பேசியில் தெரியும் கோடுகள் கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வரும் இறங்குவழியின் வலிமையைத்தான் காட்டும். கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் ஏறுவழியைப் பற்றி அவை ஒன்றும் சொல்லா. கோடுகள் நிறைந்திருந்தும் பேச்சு அறுகிறதென்றால், கோபுரத்தின் காதை ஏதோ ஒன்று அடைக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்த அலைவரிசையில் எவ்வளவு வலிமையில் அலை வருகிறது என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்துப் பார்த்தோம். கைப்பேசிகளின் ஏறுவழி 1920-இல் தொடங்கி 1980 வரை நீளும் பட்டை அது. ஏறத்தாழ ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு மேடு தெரிந்தது. அனலைசரை ஒரே அலைவரிசையில் நிறுத்தி நேர அச்சில் விரித்தபோது, சரியாக 10 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு வந்துகொண்டே இருந்தது. அந்த 10 மில்லிநொடியைப் பார்த்ததுமே என்னுடன் வந்த மூத்தவர் சிரித்துவிட்டார். வீட்டுக்குள் பயன்படுத்தும் கம்பியில்லாத் தொலைபேசி ஒன்றின் அடிப்பெட்டிதான் காரணம். அவ்வகைத் தொலைபேசிகள் பயன்படுத்தும் டெக்ட் தொழில்நுட்பத்தில் ஒரு சட்டகத்தின், அதாவது திரும்பத் திரும்ப வரும் நேரக்கூறின், நீளம் 10 மில்லிநொடி. யாரும் பேசாதபோதும் அந்தப் பெட்டி தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பெட்டியில் பழுது எதுவும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அமெரிக்காவில் அந்த வகைத் தொலைபேசிகளுக்கு 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஐரோப்பாவில் 1880 முதல் 1900 வரை. அமெரிக்காவில் முறையாக விற்கப்பட்ட கருவியை யாரோ உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஜெனீவாவில் இருக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வானொலி விதிகளுக்காக உலகத்தை மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருப்பதை நீங்கள் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். வட்டாரத்துக்கு வட்டாரம், நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு மாறுவதால், ஓரிடத்தில் சட்டபூர்வமான கருவி இன்னோரிடத்தில் குற்றமாகிவிடுகிறது.

இவ்வளவுக்கும் தொடக்கம், உங்களைப் போன்ற ஒருவர் நுகர்வோர் பிரிவில் உட்கார்ந்து, “டவர் இல்லை” என்ற பொதுத் தலைப்புக்குள் தள்ளாமல் தனியாகக் குறித்துவைத்த சில வரிகள்தான். ஆகவே பிரிவை மாற்றக் கேட்காதீர்கள். ஒரே ஒரு நாள் கண்காணிப்பு வண்டியுடன் செல்ல அனுமதி கேளுங்கள்; அதை மறுக்க மாட்டார்கள். செல்வதற்கு முந்தின நாள், பெறும் பட்டையகலத்தை மாற்றினால் இரைச்சல் தளம் (அலை எதுவும் வராதபோதும் திரையில் தெரியும் அடிமட்ட இரைச்சல்) ஏன் ஏறி இறங்குகிறது என்பதைப் படித்துவிட்டுப் போங்கள். 1 ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு) என்பதில் தொடங்கி, பட்டையகலம் பத்து மடங்காகும்போதெல்லாம் 10 டெசிபெல் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அனலைசரின் திரை ஏதாவது சொல்லும்.


பதில் 2: ஒழுங்குமுறைப் பொருளியல் படித்தவர்

மேலே எழுதிய ஐயாவின் பதில் அருமை. ஆனால் அவர் புகார்களோடு நின்றுவிட்டார். எனக்கு அந்த இரண்டாவது வேலையே, அதாவது ஆலோசனைத் தாளுக்கு வந்த கருத்துகளைச் சுருக்குவதே, கூடுதல் மதிப்புடையதாகத் தோன்றுகிறது. பொறியியல் மாணவர்கள் அதைத்தான் எழுத்தர் வேலை என்று ஒதுக்குகிறார்கள்.

ஆலோசனைத் தாளில் இருக்கும் கேள்விகள் பார்ப்பதற்கு உப்புச்சப்பில்லாமல் இருக்கும். “ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டுமா?” என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் நியூசிலாந்து அலைக்கற்றையை ஏலம் விட்டபோது, உயர்ந்த தொகை கேட்டவர் வெல்லலாம், ஆனால் இரண்டாவதாக வந்தவர் கேட்ட தொகையைச் செலுத்தினால் போதும் என்ற முறையைப் பின்பற்றியது. ஏட்டளவில் அது நல்ல முறைதான். குறைந்தபட்ச விலையைத்தான் வைக்கவில்லை. 1,00,000 நியூசிலாந்து டாலர் கேட்ட ஒரு நிறுவனம், இரண்டாவது கேட்பு 6 டாலராக இருந்ததால் 6 டாலர் மட்டும் செலுத்தி உரிமம் பெற்றது. இன்னொன்றில் 70 லட்சம் டாலர் கேட்டவர் 5,000 டாலரில் முடித்தார். பிறகு அந்த நாடு ஏல முறையையே மாற்றிக்கொண்டது. 1994-இல் அமெரிக்கா தன் முதல் அலைக்கற்றை ஏலத்தை நடத்தியபோது, பல உரிமங்களை ஒரே நேரத்தில் பல சுற்றுகளாக ஏலம் விடும் முறை வகுக்கப்பட்டது. அதை வகுத்ததில் பெரும்பங்கு பெற்ற பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் இருவரும் 2020-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். அந்த உப்புச்சப்பற்ற கேள்வியின் எடை இவ்வளவு.

எனவே கருத்துகளைச் சுருக்கும்போது, யார் எதை ஆதரிக்கிறார் என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அவர் காரணமாக எதைக் காட்டுகிறார், அந்தக் காரணத்துக்குத் தரவு தந்திருக்கிறாரா, எந்தக் கேள்வியைப் பதிலின்றித் தாண்டிப் போயிருக்கிறார் என்ற மூன்றையும் பாருங்கள். தாண்டிப் போன கேள்வியில்தான் பெரும்பாலும் நிறுவனத்தின் உண்மையான அக்கறை ஒளிந்திருக்கும். ஏற்கெனவே அதிக அலைக்கற்றை வைத்திருப்பவர் உச்சவரம்பு பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுவார். புதிதாக நுழைய விரும்புபவர் அதே கேள்விக்கு ஆறு பக்கம் எழுதுவார்.

எண்ணிக்கையை மட்டும் நம்பி ஏமாந்துவிடாதீர்கள். 2017-இல் இணையச் சமநிலை (எல்லா இணையத் தரவையும் நிறுவனங்கள் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற கொள்கை) விதிகள் குறித்து அமெரிக்க ஃபெடரல் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு வந்த 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில், ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலியானவை என்று நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஒரு பக்கம், அகலப்பட்டை நிறுவனங்களின் பணத்தில் நடந்த இயக்கம் லட்சக்கணக்கில் போலிப் பெயர்களில் கருத்துகளை அனுப்பியது. மறுபக்கம், 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தனியாளாக, தானியங்கி மென்பொருளைக் கொண்டு 77 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளைச் செலுத்தியிருந்தார். உங்கள் வயதுக்காரர். ஒரே வாசகத்தைக் கொண்ட ஆயிரம் மின்னஞ்சல்கள் வந்தாலும் அவை ஒரே வாதம்தான். கைப்பட எழுதிய ஒரு கடிதத்தில் யாரும் சொல்லாத ஒரு வாதம் இருந்தால் அதற்கு உங்கள் அட்டவணையில் தனி வரி தர வேண்டும்.


மாணவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பதில்களைப் படித்துவிட்டு, இந்த வாரம் விரிதாளில் நானாகவே ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, புகாரில் உள்ள சொற்களைச் சுருக்காமல் அப்படியே எழுதிப் பார்த்தேன். “டவர் இல்லை” என்ற தலைப்பின்கீழ் நான் போட்டிருந்தவற்றுள் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைமைகள் கலந்துகிடக்கின்றன. சிலருக்கு வீட்டுக்குள் மட்டும் தொடர்பு கிடைக்கவில்லை. சிலருக்கு மாலை நேரத்தில் மட்டும் இணையம் நகர்வதில்லை. சிலர் புதுக் கைப்பேசி வாங்கிய பிறகு சிக்கல் தொடங்கியதாக எழுதியிருக்கிறார்கள். ஒரே பகுதியைச் சேர்ந்த 23 பேர், டவர் முழுதாக இருந்தும் தாங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்பதில்லை என்று ஏறத்தாழ ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஐயா சொன்னதுபோல் இதுவும் ஏறுவழிக் குறுக்கீடாகத்தான் இருக்குமா? அந்தப் பகுதி எது, எந்த நிறுவனம் என்பதையும், புகார் செய்தவர்களின் வரிகளையும் இங்கே பதிவிட்டால் நீங்கள் பார்த்துச் சொல்ல வசதியாக இருக்குமா?


பதில் 3: அரசுப் பணியில் இருப்பவர்

தயவுசெய்து எதையும் பதிவிடாதீர்கள். இப்போதே நீங்கள் சொல்லியிருப்பது எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. பகுதியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். விசாரணையே தொடங்காத ஒரு விஷயத்தில் ஒரு நிறுவனத்தின்மேல் பொதுவெளியில் ஐயம் எழுந்தால், நாளை அந்த நிறுவனம் எடுக்கும் முதல் ஆயுதம், தகவல் அலுவலகத்திலிருந்தே கசிந்தது என்பதாகத்தான் இருக்கும்.

புகார் செய்தவர்களின் வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஒரு தெருவின் பெயர், கோபுரத்துக்கு எதிரே உள்ள வீடு என்ற குறிப்பு, புகார் தந்த தேதி ஆகிய மூன்றும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். 2015-இல் இணையச் சமநிலை குறித்த ஆலோசனைத் தாளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்தபோது, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அவற்றை அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு இணையத்தில் வெளியிட்டது; அது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. கருத்துகளை வெளிப்படையாக வைப்பது என்ற நல்ல நோக்கத்திலேயே அப்படி நேர முடியும் என்றால், அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் பயிற்சி மாணவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். விரிதாளை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்திருந்தால் இன்றே பொறுப்பு அதிகாரியிடம் அதைச் சொல்லிவிட்டு நீக்கிவிடுங்கள். திட்டு வாங்குவீர்கள், அவ்வளவுதான். மறைத்துவைத்துப் பிறகு தெரியவந்தால் பயிற்சிச் சான்றிதழே கிடைக்காமல் போகலாம்.

அறிக்கை பற்றிய உங்கள் கவலைக்கு வழி இருக்கிறது. வகைப்பாட்டு முறையைப் பற்றி எழுதுங்கள், வகைப்பட்டவற்றைப் பற்றி எழுத வேண்டாம். 9 தலைப்புகள் ஏன் போதவில்லை, நான்கு நிலைமைகள் ஏன் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன, அவற்றைப் பிரிக்கப் புகார்ப் படிவத்தில் என்னென்ன கேள்விகள் இருந்திருக்க வேண்டும் என்பவற்றை எழுதவே 20 பக்கம் ஆகும். எண்கள் தேவைப்படும் இடத்தில், அலுவலகங்கள் தாமே வெளியிடும் காலாண்டு அறிக்கைகளையும், வெளியாகிவிட்ட ஆலோசனைத் தாள்களையும் பயன்படுத்துங்கள். கல்லூரிக்குக் கொடுக்கும் முன் வரைவைப் பொறுப்பு அதிகாரியிடம் காட்டி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்குப் படிக்க ஒரு வாரமாவது ஆகும். கடைசி நாளில் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.


பதில் 1: கண்காணிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

அரசுப் பணியில் இருப்பவர் சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். என் கதையைக் கேட்டதும் எல்லாவற்றிலும் கம்பியில்லாத் தொலைபேசியைத் தேட ஆரம்பித்துவிட்டீர்களோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அது என் தவறுதான்.

23 பேர் என்பது கவனிக்க வேண்டிய எண்ணிக்கை. அது எதையும் நிரூபித்துவிடாது. முதலில் அவர்கள் 23 பேரும் வெவ்வேறு ஆட்களா, அல்லது ஒருவரே மூன்று முறை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்து, அந்தப் பகுதியில் எத்தனை சந்தாதாரர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் 23 அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது. ஒரு குடியிருப்போர் சங்கம் மாதிரிக் கடிதம் ஒன்றைச் சுற்றுக்கு விட்டிருந்தாலும் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்; இரண்டாவது பதிலில் சொன்ன போலிக் கருத்துகளின் கதை இங்கேயும் பொருந்தும். இவை எல்லாவற்றையும் தாண்டினாலும், ஒரு பக்கம் மட்டும் கேட்காமல் போவதற்குக் குறுக்கீட்டைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. கோபுரத்தின் பெறும் வழியில் கம்பி இணைப்பு தளர்ந்திருக்கலாம். கட்டடத்துக்குள் யாரோ அனுமதியின்றி மாட்டிய சிக்னல் பூஸ்டர் இரைச்சலை ஏற்றிக்கொண்டிருக்கலாம். என் அனுபவத்தில் இதுதான் அதிகம். மையப் பிணையத்தில் குரல் பொதிகள் வழிதவறினாலும் பயனருக்கு அதே அறிகுறிதான் தெரியும்.

இவற்றைப் பிரித்தறிய, நிறுவனத்திடம் அந்தக் கோபுரத்தின் ஏறுவழி இரைச்சல் பதிவை மணி வாரியாகக் கேட்க வேண்டும். 3ஜி கோபுரத்தில் நெரிசல் இல்லாத நேரத்தில் அது −105 டிபிஎம் அளவில் இருக்கும். பின்னிரவில் அழைப்புகளே இல்லாதபோதும் அது 10 டெசிபெல் உயர்ந்தே நின்றால், வெளியிலிருந்து ஏதோ ஒன்று அலைபரப்புகிறது என்று வண்டியை எடுக்கலாம். அந்தப் பதிவைக் கேட்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிப் பொறுப்பு அதிகாரியிடம் தருவது. அதில் “குறுக்கீடு” என்ற சொல்லே வர வேண்டாம். இத்தனை புகார்கள், இந்தத் தேதிகளுக்குள், இந்தச் சொற்களில் வந்திருக்கின்றன என்பதோடு நிறுத்துங்கள். முதல் நாளே அவர் உங்களிடம் சொன்னது இதைத்தான்.

இன்னொன்று. வேகம் குறித்த புகார்களைச் சராசரியால் மறுக்கும் நிறுவனப் பதில்கள் உங்கள் கோப்பில் இருந்தால் அவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள். பத்துச் சோதனைகளில் ஒன்பதில் 2 மெகாபிட் வேகமும் ஒன்றில் 82 மெகாபிட் வேகமும் கிடைத்தால் சராசரி 10 மெகாபிட் என்று வந்துவிடும். அந்த வேகத்தை ஒருமுறைகூட ஒருவரும் அனுபவித்திருக்க மாட்டார். நடு எண் என்ன, மிகக் குறைந்த பத்து விழுக்காட்டினருக்குக் கிடைத்த வேகம் என்ன என்று கேட்பதற்கு உங்கள் மூன்றாமாண்டுப் புள்ளியியலே போதும்.


மாணவர்

ஐயா, குறிப்பை எழுதிக் கொடுத்தேன். “குறுக்கீடு” என்ற சொல் முதல் வரைவில் மூன்று இடங்களில் வந்திருந்தது, மூன்றையும் நீக்கினேன். நீங்கள் சொன்னபடி சரிபார்த்ததில் 23 பேர் 17 ஆகிவிட்டார்கள். ஒருவர் நான்கு முறை எழுதியிருக்கிறார், மூவர் இரண்டிரண்டு முறை.

அதிகாரி நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். “நேரம் எங்கே?” என்று கேட்டார். சிக்கல் எந்த நேரத்தில் ஏற்பட்டது என்பதைப் பலர் கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறார்கள், நான் அதை எடுத்து எழுதவே இல்லை. நேரத்துக்கு ஒரு நெடுவரிசை சேர்த்து, 640 வரிகளையும் மீண்டும் பார்த்துக் கொண்டுவரச் சொன்னார். கண்காணிப்புப் பிரிவுடன் ஒரு நாள் போக வேண்டும் என்ற என் வேண்டுகோளுக்கு, அந்த வேலை முடிந்த பிறகு பேசலாம் என்றார்.

இப்போது 112-ஆவது வரியில் இருக்கிறேன்.